அந்தச் சுவர் உங்கள் ஊருக்கு வரும்போது: அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கப் பொறுப்பாளர்களுக்கும் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பொங்கலுக்கு மண்டபம் பிடிப்பது, பிள்ளைகளின் நடனத்துக்கு ஒத்திகை வைப்பது, சாப்பாடு போதுமா என்று கடைசி நிமிஷம் வரை கவலைப்படுவது என்று நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். நானும் இரண்டு வருஷம் ஒரு சங்கத்தில் பொருளாளராக இருந்தவன்தான். உங்கள் தலையில் இன்னொரு வேலையைக் கட்டுகிறேனே என்று யோசித்து யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

'தி வால் தட் ஹீல்ஸ்' என்று ஒரு சுவர் இந்த நாடு முழுக்க லாரியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. காயம் ஆற்றும் சுவர். வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவுச் சுவரின் முக்கால் அளவு நகல் அது. 1996-இல் கிளம்பியது, இதுவரை எழுநூறுக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் போய்வந்துவிட்டது. இப்போது சுற்றுகிற நகல் 375 அடி நீளம். நடுவில் ஏழரை அடி உயரம், இரண்டு பக்கமும் சரிந்து சரிந்து கடைசியில் தரையோடு சேர்ந்துவிடும். 140 பலகைகள். அவற்றில் வியட்நாமில் செத்துப்போன, காணாமல் போன அமெரிக்கப் படையினர் 58,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். பெரும்பாலும் புதன்கிழமை வந்து பலகைகளைப் பொருத்துவார்கள், ஞாயிறு மதியம் கழற்றிவிடுவார்கள். நடுவில் இரவு பகல் பாராமல் திறந்திருக்கும். கட்டணம் கிடையாது. பொருத்துவது, காவல் இருப்பது, வருகிறவர்களுக்குப் பெயர் தேடிக்கொடுப்பது, மறுபடி கழற்றி ஏற்றுவது எல்லாவற்றுக்கும் உள்ளூர் ஆட்கள்தான் கை கொடுக்க வேண்டும்.

போன ஆண்டு கோடை முடிகிற சமயத்தில், ஒகையோவில் எங்கள் கவுன்டியின் சந்தை மைதானத்துக்கு அந்தச் சுவர் வந்தது. சங்கத்து வாட்ஸப் குழுவில் தகவல் போட்டு, "யாராவது வருகிறீர்களா, இரவு நேரத்துக்கு ஆள் குறைகிறது" என்று கேட்டேன். இருநூற்றுச் சொச்சம் பேர் இருக்கிற குழு. இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மட்டும், கோபமாக இல்லை, உண்மையாகவே புரியாமல், "நமக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டிருந்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. பதினெட்டு வருஷம் இங்கே இருந்துவிட்டு நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அன்று சொல்ல முடியாத பதில்தான் இந்த மடல்.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்கிறேன். நான் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரன். எங்கள் ஊர்ச் சாலையில் கறுங்கல் பாளம் ஏற்றிய லாரிகள் போகாத நாளே இல்லை. வாஷிங்டனில் இருக்கும் மூலச் சுவர், கண்ணாடி போலப் பளபளக்கும் கறுப்பு கிரானைட். பார்க்கிறவரின் முகம் பெயர்களுக்கு ஊடே தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படிப்பட்ட கல்லைத் தேடினார்கள். ஸ்வீடனிலும் கனடாவிலும் நல்ல கறுப்புக் கல் உண்டு. ஆனால் போருக்குப் போக மறுத்த இளைஞர்கள் அடைக்கலம் புகுந்த நாடுகள் அவை, அங்கிருந்து கல் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். கடைசியில் கல் வந்தது பெங்களூரிலிருந்து. வெர்மான்ட்டில் அறுத்து, மெம்பிஸில் பெயர் பொறித்து, வாஷிங்டனில் நிறுத்தினார்கள். எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற மண்ணின் கல் அது. ஊருக்கு வருகிற நகல் செயற்கைக் கல்லில் செய்தது, அது வேறு. ஆனாலும் இந்த விஷயம் தெரிந்த பிறகு என்னால் அந்தச் சுவரை அந்நியமாகப் பார்க்க முடியவில்லை.

அடுத்தது, அதை வரைந்த பெண். 1981-இல் நினைவுச் சின்னத்துக்குப் போட்டி வைத்தபோது 1,421 வடிவங்கள் வந்தன. பெயர் மறைத்து, எண் மட்டும் போட்டு நடுவர்களிடம் கொடுத்தார்கள். தேர்வானது 1026-ஆம் எண். பிரித்துப் பார்த்தால் யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயதுப் பெண், மாயா லின். ஒகையோவில் ஏதென்ஸ் என்கிற கல்லூரி ஊரில் பிறந்து வளர்ந்தவர். அப்பாவும் அம்மாவும் சீனாவிலிருந்து வந்து குடியேறிய பேராசிரியர்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் போலத்தான், வீட்டில் ஒரு நாடும் வாசலுக்கு வெளியே ஒரு நாடுமாக வளர்ந்த பெண்.

அவர் வரைந்தது மண்ணைக் கீறி உள்ளே இறங்குகிற ஒரு கறுப்புச் சுவர். சிலை இல்லை, கொடி இல்லை, வீர வாசகம் இல்லை. பெயர்கள் மட்டும். அவமானத்தின் கறுப்புத் தழும்பு என்று ஏசினார்கள். அவர் முகத்தையும் பூர்விகத்தையும் வைத்தும் கேவலமாகப் பேசினார்கள். சமாதானத்துக்காகப் பக்கத்தில் மூன்று வீரர்கள் நிற்கிற சிலை ஒன்றை 1984-இல் வைக்க வேண்டியதாயிற்று. ஆனால் பெயர்களின் வரிசையில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பெயர்களை அகர வரிசையில் போடுங்கள், தேட வசதி என்றார்கள். மாட்டேன், இறந்த நாள் வரிசையில்தான் வர வேண்டும் என்று நின்றார். ஒரே நாளில் விழுந்தவர்கள் சுவரிலும் சேர்ந்தே இருக்கிறார்கள். வரிசை நடுவில் 1959-இல் தொடங்கி வலப்பக்கமாகப் போய் முனையில் முடியும், பிறகு இடது முனையில் எழுந்து மறுபடி நடுவுக்கு வந்து 1975-இல் நிற்கும். முதலில் செத்தவரும் கடைசியில் செத்தவரும் ஒரே மூலையில் அருகருகே. இதை ஒரு மாணவி யோசித்தார் என்பதை நம் தமிழ்ப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

சரி, இப்போது நிஜமான தடைக்கு வருகிறேன். "அது அநியாயமான போர். வியட்நாம்காரர்கள் லட்சக்கணக்கில் செத்தார்களே, அவர்கள் பெயர் எந்தச் சுவரில் இருக்கிறது?" என்று நம்மில் பலர் கேட்பார்கள். நானும் கேட்டவன். வியட்நாம் அரசு 1995-இல் வெளியிட்ட கணக்கில் பொதுமக்கள் இருபது லட்சம் பேர், போராளிகள் பதினோரு லட்சம் பேர். அந்த எண்ணிக்கைக்கு முன்னால் 58,000 சின்ன எண்தான். இந்தச் சுவர் அவர்களைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் குறை உண்மை. அதை மறைத்துக்கொண்டு உங்களைக் கூப்பிட நான் விரும்பவில்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது அந்த எண்ணையும் சொல்லித்தான் கூட்டிப்போக வேண்டும்.

ஆனால் அந்தச் சுவர் போரைப் புகழவும் இல்லை. எங்கள் பக்கத்துக் காடு மேடெல்லாம் நடுகல் இருக்கும். வேடியப்பன் என்று சொல்லிப் பொங்கல் வைப்போம். தருமபுரி, செங்கம் பக்கத்துக் கற்களில் பழைய வட்டெழுத்தில் என்ன வெட்டியிருக்கும் தெரியுமா? எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆண்டு, எந்த ஊரில் மாட்டுத் தொறுவுக்காக, அதாவது மந்தைக்காகச் சண்டை, அதில் பட்டவன், அதாவது செத்தவன் பெயர். "இன்னான் பட்டான் கல்". அவ்வளவுதான். யார் பக்கம் நியாயம் என்று கல் சொல்லாது. தொறுவை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல், கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல். ஆயிரம் வருஷத்துக்கு மேலாகிறது. எந்தத் தொறு, எந்த அரசன் என்று என் பாட்டிக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கல்லுக்கு எண்ணெய் தடவாமல் அவள் ஒரு பொங்கலும் வைத்ததில்லை. பெயரைக் கல்லில் எழுதி ஊரே வந்து நிற்பது நமக்குப் புதுசு இல்லை. இவர்கள் கல்லை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகிறார்கள், அதுதான் வித்தியாசம். வாஷிங்டன் வரை போக முடியாதவர்களுக்காக.

அந்த முடியாதவர்களில் ஒருவரை நான் பார்த்தேன்.

வெள்ளி இரவு, சனி விடியற்காலை மூன்று மணி இருக்கும். என் முறை பன்னிரண்டு முதல் ஆறு வரை. பலகைகளின் மேல் விளக்கு வெளிச்சம், புல்லில் பனி, தூரத்தில் ஜெனரேட்டர் சத்தம். ஒரு வயதானவர் கையில் மடக்கு நாற்காலியோடு மெதுவாக நடந்து வந்தார். பகலில் கூட்டமாக இருக்கிறது, அதனால்தான் இந்த நேரம் என்றார். ஒரு பெயரைச் சொன்னார். எந்தப் பலகை, எத்தனையாவது வரி என்று கைக்கணினியில் பார்த்துச் சொன்னேன். பலகை கண்டுபிடித்தாயிற்று, ஆனால் வரி கீழே, முழங்கால் உயரத்துக்கும் கீழே. அவரால் குனிய முடியவில்லை. "நீ எடுத்துத் தருவாயா?" என்று கேட்டார்.

பெயரின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தால் எழுத்து காகிதத்தில் வரும். சின்ன வயதில் காசின் மேல் தாளை வைத்துத் தேய்ப்போமே, அதே வித்தைதான். ஈரப் புல்லில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். முதல் தடவை கை நடுங்கிக் காகிதம் நகர்ந்துவிட்டது, எழுத்து இரட்டையாக விழுந்தது. இரண்டாவது காகிதத்தை இடது கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தேய்த்தேன். சாம்பல் நிறத்துக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாக ஒவ்வொரு எழுத்தாக எழுந்து வந்தது. அவர் மேலே நின்று, வருகிற ஒவ்வொரு எழுத்தையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி எழுத்து வந்ததும், "அவனுக்குப் பத்தொன்பது வயசு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. புதுச் சட்டைக்குள் வருமே ஓர் அட்டை, அதை வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்தார். காகிதம் மடங்காமல் அதற்குள் வைத்தார். அப்புறம் நாற்காலியை விரித்து அந்தப் பலகைக்கு எதிரே உட்கார்ந்தார். ஐந்தரைக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒருவர் சுமந்துகொண்டிருந்த பெயரை அன்று என் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அதன் பிறகு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் சங்கத்து அக்கா ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நான் அனுப்பிய தகவலைப் பார்த்துவிட்டு வந்த இரண்டு பேரில் ஒருவர். அவருடைய தம்பி 2009-இல் காணாமல் போனவர். இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இருக்கிற குறிகளைக் காட்டி, என்ன இது என்று கேட்டார். சொன்னேன். வைரக்கல் வடிவில் இருந்தால் இறப்பு உறுதியானது. சின்னச் சிலுவை போலக் கூட்டல் குறி இருந்தால் காணாமல் போனவர். அப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களோடுதான் சுவரை 1982-இல் திறந்தார்கள். எலும்பு கிடைத்து அடையாளம் தெரிந்தால் கூட்டல் குறியின் மேல் வைரத்தைப் பொறித்துவிடுவார்கள். உயிரோடு திரும்பி வந்தால் கூட்டல் குறியைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார்கள்.

"எத்தினை வட்டம் இருக்கு தம்பி?"

"ஒன்றுகூட இல்லை அக்கா. இதுவரை யாரும் திரும்பி வரவில்லை."

கொஞ்ச நேரம் பேசாமல் ஒரு கூட்டல் குறியையே விரலால் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, "ஆனா அதுக்கும் ஒரு குறி யோசிச்சு வச்சிருக்கினம், என்ன?" என்றார்.

கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் 2017 பிப்ரவரியில் பிள்ளைகளின் படங்களோடு சாலையோரம் உட்கார்ந்தார்கள். வருஷக்கணக்காகத் தொடர்ந்த போராட்டம் அது. அந்த அம்மாக்களில் ஒருவர் அக்காவின் சித்தி. அதை அன்றைக்குத்தான் சொன்னார். பத்து வருஷமாக ஒரே சங்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம், எனக்குத் தெரியாது. நம் சங்கங்களில் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள், எங்கே போய் யாரிடம் சொல்வது என்று தெரியாமல்? அவர்கள் வாய்விட்டு அழ நாம் ஓர் இடமும் வைத்துக் கொடுக்கவில்லை. வேறொரு நாட்டின் சுவருக்கு முன்னால்தான் அவருக்கு அது வாய்த்தது.

அதனால் கேட்கிறேன். சுவர் உங்கள் ஊருக்கோ பக்கத்து ஊருக்கோ வருகிறதா என்று ஒவ்வொரு வருஷமும் பாருங்கள், அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். வந்தால், விழாவுக்கு ஆள் சேர்ப்பது போல முறை போட்டு ஆள் சேருங்கள். பகல் நேரத்துக்கு எப்படியும் ஆள் வந்துவிடும், பள்ளிக்கூடங்களும் வரும். நள்ளிரவுக்கு மேல்தான் திண்டாட்டம். அந்த நேரத்தை நாம் எடுத்துக்கொள்வோம். பாதிப் பேருக்கு இந்தியாவில் உள்ள டீமோடு இரவுக் கூட்டம் நடத்திப் பழக்கம்தானே, விழித்திருக்கத் தெரியும்.

தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைச் சும்மா கூட்டிப்போனால் கால் வலிக்கிறது என்பார்கள். ஒரு வாரம் முன்பே ஆளுக்கு ஒரு பெயர் கொடுத்துவிடுங்கள், உங்கள் கவுன்டியிலிருந்து போனவர்களாகப் பார்த்து. இணையத்தில் 'முகங்களின் சுவர்' என்று இருக்கிறது. சுவரில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் குறைந்தது ஒரு படமாவது தேடிச் சேர்த்துவிட வேண்டும் என்று பல வருஷம் பாடுபட்டு, 2022-இல் முடித்தார்கள். அதில் படத்தையும் வயதையும் பார்த்துவிட்டு வரட்டும். அந்தப் பெயர்களில் எட்டுப் பேர் பெண்கள், செவிலியராகப் போனவர்கள். பிறப்புச் சான்றிதழைத் திருத்திப் படையில் சேர்ந்த ஒரு சிறுவன் இருக்கிறான், செத்தபோது வயது பதினைந்து. உங்கள் வகுப்பில் அந்த வயதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மைதானத்துக்கு வந்ததும் தன் பெயரைத் தானே தேடிக் கண்டுபிடித்துத் தேய்த்து எடுக்கட்டும். வீட்டுக்கு வந்து அந்தப் பெயரைப் பற்றித் தமிழில் பத்து வரி எழுதச் சொல்லுங்கள். பிழை திருத்தச் சிவப்பு மையை மட்டும் அன்றைக்கு எடுக்காதீர்கள்.

லாரியோடு வரும் கண்காட்சியில் இன்னொன்றும் உண்டு, அதையும் விட்டுவிடாதீர்கள். போர்க்களத்தில் சாகாமல் வீட்டுக்கு வந்து, காடுகளை அழிக்கப் போரில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்ச் ரசாயனத்தாலோ மனக்காயத்தாலோ பின்னால் செத்தவர்களுக்குச் சுவரில் இடமில்லை. அவர்களின் படங்களைத் தனியாகத் திரையில் காட்டுகிறார்கள். அந்தத் திரைக்கு முன்னால் பெரும்பாலும் நிற்பது மனைவிமார். ஒரு நாற்காலியும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தாலே போதும்.

செய்யக் கூடாதது என்று இரண்டு மட்டும் சொல்கிறேன். சங்கத்தின் பேனரைத் தயவுசெய்து அங்கே கட்டாதீர்கள். தலைவர் மலர்வளையம் வைக்கிற மாதிரி படம் எடுத்துப் போடுவதும் வேண்டாம். யாராவது யார் நீங்கள் என்று கேட்டால் சொல்லுங்கள், தமிழர்கள், இந்த ஊர்க்காரர்கள் என்று. நிறையப் பேர் கேட்பார்கள், எனக்கு அதுவே ஆச்சரியம். அந்தச் சுவரின் கல் எங்கிருந்து வந்தது என்று சொன்னால் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பேசுவார்கள்.

அப்புறம், இரவு முறைக்கு வருகிறவர்களுக்கு: கோடையாக இருந்தாலும் இரண்டு மணிக்கு மேல் குளிரும், கனமான ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்கில் காபி கொஞ்சம் கூடுதலாக, வருகிறவர்களுக்கும் சேர்த்து. புல் ஈரமாக இருக்கும், மண்டியிட ஒரு பழைய பாய் இருந்தால் நல்லது. காகிதமும் பென்சிலும் அங்கேயே கொடுப்பார்கள். புதுச் சட்டை அட்டைகளைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்திருங்கள், நான் இப்போது ஒரு கட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒகையோவிலிருந்து ஓர் இரவு முறைத் தன்னார்வலன்